மூங்கில் குச்சியால் வானத்தை அளந்த ராஜ வம்சத்தவர்

ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில் ஒரு கலியாணம் பேசி முடிந்தால் அடுத்த வேலை என்ன? பஞ்சாங்கத்தைப் புரட்டுவதுதான்! அந்தப் பஞ்சாங்கமே தப்பாக இருந்துவிட்டால்? வாக்கியமா, திருக்கணிதமா என்ற சச்சரவு நமக்குப் புதிதல்லவே. இதே கவலை ஒடிசாவில் ஒருவரை வாழ்நாள் முழுவதும் விழித்திருக்கச் செய்தது.

அவர்தாம் சந்திரசேகர சாமந்தர். கண்டபாரா சமஸ்தானத்து ராஜ வம்சத்தில் 1835-ம் ஆண்டு பிறந்தவர். முன்பு பிறந்த குழந்தைகள் தங்காததால், பெற்றோர் இவரை ஒரு பக்கிரியிடம் ஒப்புக்கொடுத்து வாங்கிக்கொண்டார்களாம். அதனால் ‘பதானி’ என்ற பெயரும் ஏற்பட்டது.

இளமையிலேயே அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பழைய நூல்கள் சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் கிரகங்கள் இல்லை! நூலை நம்புவதா, கண்ணை நம்புவதா? வானத்தை அளந்தே பார்த்துவிடுவது என்று துணிந்தார்.

அரண்மனைச் சுகம் அவரை இழுக்கவில்லை. ஆங்கிலம் தெரியாது. தொலைநோக்கி கிடையாது. மூங்கிலும் மரமுமே துணை. அவர் செய்த ‘மானயந்திரம்’ சுத்தியல் போன்றது. ஒரு கோலின் நுனியில் குறுக்கே மற்றொரு கோல். அதில் அளவாகத் துளைகள். மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்த்தால், நட்சத்திரம் எந்தத் துளையில் தெரிகிறதோ அதுவே கோணத்தைச் சொல்லிவிடும். அஜீரணமும் தூக்கமின்மையும் வாட்டியபோதும், ஊர் உறங்கும் வேளையில் குச்சியும் கையுமாக நின்றார்.

பயன் என்ன? வெள்ளி ஒரு சுற்று முடிக்க 224.7023 நாள் என்றார். மேனாட்டார் கணக்கு 224.7007. வேற்றுமை மூன்று நிமிஷங்கூட இல்லை! கிரகங்கள் சூரியனைச் சுற்றுவதாகக் கூறியவர், பூமி மட்டும் அசையாது நிற்பதாகவே நம்பினார். அது அவர் கணக்கின் குறை.

1869-ல் முடிந்த ‘சித்தாந்த தர்ப்பணம்’, 2,500 சுலோகங்களுடன் முப்பது ஆண்டுகள் ஓலையிலேயே உறங்கியது. அட்மல்லிக், மயூர்பஞ்ச் மன்னர்கள் பொருளுதவ, கட்டாக் கல்லூரிப் பேராசிரியர் யோகேஷ் சந்திர ராய் ஆங்கில முன்னுரை எழுத, 1899-ல் அச்சேறியது. லண்டன் ‘நேச்சர்’ பத்திரிகையும் பாராட்டியது.

1904-ல் பூரியில் அவர் கண் மூடினார். அந்தப் பூரி ஜகந்நாதர் கோயிலின் விழா நேரங்களைக் குறிப்பது அவருடைய கணக்குத்தான். நூல் சொல்வதையும் ஒருமுறை நேரில் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்த மனிதர், கோயிலுக்கே நாழிகை சொல்பவராகிவிட்டார்!