உங்கள் போனின் 8 கோர்களும் சண்டை போடாமல் வேலை செய்வது எப்படி? டைக்ஸ்ட்ராவின் கதை

உங்கள் கையில் இருக்கும் போனில் அநேகமாக 8 கோர் இருக்கும். அதில் உயிரோடு இருக்கும் திரெட்களோ ஆயிரக்கணக்கில். வாட்ஸ்அப் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம், பின்னணியில் போட்டோ பேக்கப் இன்னொரு பக்கம். எந்தத் திரெட் எந்த கோரில், எத்தனை மில்லிநொடி ஓடணும் என்று முடிவெடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஷெட்யூலர்.

அதுவே கஷ்டமான வேலைதான். ஆனா அதைவிடக் கஷ்டம், இத்தனை திரெட்களும் ஒரே தகவலைத் தொடும்போது ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்காமல் பார்த்துக்கொள்வது. சென்னை ரயிலில் மிச்சம் ஒரே ஒரு பெர்த். இரண்டு திரெட் ஒரே நொடியில் பார்க்கின்றன. இரண்டுக்கும் காலி என்றே தெரிகிறது. இரண்டும் டிக்கெட் போட்டுவிடுகின்றன. இந்தச் சிக்கலைக் கணக்குப் போல எழுதிக்காட்டி, விடையும் கொடுத்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஷார்ட்டஸ்ட் பாத் அல்காரிதம் வழியாக நம்மில் பலருக்கும் அந்தப் பெயர் தெரியும். அவருடைய இந்தப் பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பதிவேட்டில் இல்லாத தொழில்

1930 மே 11-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் பிறந்தார். அப்பா வேதியியலாளர், அம்மா கணிதம் படித்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் படித்துக்கொண்டே, 1952-ல் ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் புரோகிராமராகச் சேர்ந்தார். 1957-ல் திருமணத்தைப் பதிவு செய்யப் போனபோது, தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று எழுத அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு தொழிலே கிடையாதாம்! கடைசியில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்று எழுத வேண்டியதாயிற்று.

ஷார்ட்டஸ்ட் பாத் அல்காரிதம் அதற்கு முந்தைய வருடக் கதை. ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து, பேனா பேப்பர் இல்லாமல், சுமார் 20 நிமிஷத்தில் மனசிலேயே போட்டது. பேர் வாங்கித் தந்தது அதுதான். ஆனா அவரைத் தூங்கவிடாத கேள்வி வேறு.

அப்போது அவருடைய சகாக்கள் எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் இன்டரப்ட் என்ற வசதியை வைக்க நினைத்தார்கள். பிரின்டர் மாதிரி ஒரு கருவி தன் வேலையை முடித்ததும் புரோகிராமை நடுவிலேயே நிறுத்தி, என்னைக் கவனி என்று சொல்லலாம். கேட்க நல்லாத்தான் இருக்கும். டைக்ஸ்ட்ராவுக்கு உள்ளுக்குள் பயம். குறுக்கீடு எந்தக் கணத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதே புரோகிராமை மறுபடி ஓட்டினால் அதே மாதிரி நடக்காது. தப்பு நடந்தால் எப்படித் தேடுவது? சில மாதங்கள் தயங்கினார். பிறகு அந்த மென்பொருளை அவரே எழுதினார். அதுவே 1959-ல் அவரது முனைவர் பட்ட ஆய்வும் ஆனது.

நம் ஊர் கைகாட்டி

1962-ல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். இரண்டு புரோகிராம்கள் ஒரே பொருளை ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் வழியை டெக்கர் என்ற டச்சுக் கணிதவியலாளர் ஏற்கனவே கண்டுபிடித்திருந்தார். எத்தனை புரோகிராம்கள் இருந்தாலும் செல்லுபடியாகும் விடையை டைக்ஸ்ட்ரா 1965-ல் வெளியிட்டார். கட்டுரையின் நீளம் ஒரே பக்கம்.

அதில் ஒரு குறை இருந்தது. காத்திருக்கும் புரோகிராம், ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டே பிராசசரைத் தின்றுகொண்டிருக்கும். இதற்கு அவர் சொன்ன மாற்றுதான் செமஃபோர். ரயில் பாதையோரம் நின்ற கைகாட்டி மரத்தின் பெயரே அது. கைகாட்டி இறங்காமல் ரயில் நகராது இல்லையா? இங்கே கைகாட்டிக்குப் பதில் ஓர் எண். உள்ளே போக விரும்பும் புரோகிராம் எண்ணில் ஒன்றைக் குறைக்கணும். எண் பூஜ்யமாக இருந்தால் அது தூங்கப் போய்விடும். அதன் பிராசசர் நேரத்தை ஷெட்யூலர் வேறொருவருக்குக் கொடுக்கும். உள்ளே இருப்பவர் வெளியே வரும்போது எண்ணைக் கூட்டி, தூங்குபவரில் ஒருவரை எழுப்புவார். அவ்வளவுதான். இதில் காத்திருப்பவரால் யாருக்கும் செலவில்லை என்பதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம்.

அடுத்த தலைவலி டெட்லாக். ஆரியசாலைச் சந்து ஒன்றில் மூட்டை இறக்க கிழக்கேகோட்டைப் பக்கமிருந்து ஒரு லாரி, கிள்ளிப்பாலம் பக்கமிருந்து ஒரு லாரி நுழைகின்றன என்று வையுங்கள். நீ பின்னால் போ என்று இரண்டும் நிற்கும். சாலைக் கடைத்தெருவே நிற்கும். 1965-ல் இதை அவர் ஒரு தேர்வுக் கேள்வியாகக் கொடுத்தார். பிறகு அது, ஐந்து தத்துவஞானிகள் ஒரு வட்டமேசையில் ஐந்தே முள்கரண்டிகளோடு சாப்பிட உட்காரும் கதையாகப் புகழ்பெற்றது. சாப்பிட ஆளுக்கு இரண்டு வேணும். எல்லாரும் இடதுபக்கத்தை எடுத்துவிட்டு வலதுக்குக் காத்திருந்தால், எல்லாரும் பட்டினி. முள்கரண்டிகளுக்கு எண் போட்டு, சின்ன எண்ணைத்தான் முதலில் எடுக்கணும் என்று விதித்தால் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

1968-ல், தன் சின்னக் குழுவோடு எக்ஸ்8 கணினிக்குக் கட்டிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார். அது அடுக்கடுக்காக அமைந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, பிராசசரை யாருக்கு எப்போது கொடுப்பது என்று பார்க்கும் அடுக்கு. மேலே இருப்பவர்களுக்குத் தங்களிடம் தனி பிராசசர் இருப்பதாகவே தோன்றும். இந்த மாயை இன்றும் உங்கள் போனில் நடக்கிறது.

சோதித்தால் போதாதா?

டைக்ஸ்ட்ராவின் பிடிவாதம் இதுதான்: ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடாது, சரி என்று நிரூபிக்கணும். சோதனையில் ஆயிரம் தடவை வராத நேரப்பிசகு ஆயிரத்தோராவது தடவை வரலாம். பலருக்கு இது பண்டிதத் திமிராகத் தெரிந்தது. அவர் பேச்சும் எழுத்தும் கறாராக, சில நேரம் நியாயமே இல்லாத அளவுக்குக் காரமாக இருந்தது உண்மை. ஆனா தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியைப் பாருங்கள். 1985-க்கும் 1987-க்கும் நடுவே அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் மிக அதிகமான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், உயிர்களும் போயின. மென்பொருளில் வெவ்வேறு வேலைகள் ஒரே தகவலைக் கட்டுப்பாடில்லாமல் பகிர்ந்ததும் ஒரு காரணம். ஆபரேட்டர் விசைகளை வேகமாகத் தட்டினால் மட்டும் வெளிப்படும் பிழையும் அதில் இருந்தது.

கோர்கள் பெருகப் பெருக இந்தக் கவலையும் பெருகும். திருவனந்தபுரத்தில் இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 2011-ல் சாகா-220 என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டியது: 400 நான்கு-கோர் பிராசசர்கள், 400 கிராபிக்ஸ் பிராசசர்கள், நொடிக்கு 220 லட்சம் கோடி கணக்குகள். ராக்கெட்டைச் சுற்றி ஓடும் காற்றின் கணக்கை இத்தனை துண்டாகப் பிரித்தால், ஒரு துண்டின் விடைக்கு அடுத்த துண்டு காத்திருக்கத்தானே வேண்டும்.

டைக்ஸ்ட்ராவுக்கு 1972-ல் டூரிங் விருது கிடைத்தது. 1984-ல் அமெரிக்காவின் ஆஸ்டினுக்குப் போய், 1999 வரை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். கட்டுரைகளைப் பெரும்பாலும் பேனாவால் எழுதி, எண் போட்டு, நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அப்படி 1,300-க்கும் மேல். 2002 ஆகஸ்ட் 6-ல் நெதர்லாந்தின் நூனென் ஊரில் புற்றுநோயால் இறந்தார். ஆண்ட்ராய்டு போன்களுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் கர்னலில் செமஃபோரைக் கையாளும் கட்டளைகளின் பெயர் டவுன், அப். எண்ணைக் குறை, எண்ணைக் கூட்டு.