500 பேரோடு கூட்டு சேர்ந்த கணித மேதை: யார் இந்த பால் ஏர்டோஷ்?

ஹங்கேரியில் 1913-ல் பிறந்த பால் ஏர்டோஷுக்குச் சொந்த வீடே கிடையாது. சூட்கேஸோடு வந்து சக கணிதவியலாளர் வீட்டுக் கதவைத் தட்டுவார். சில நாள் தங்குவார், சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுவார், அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவார். மொத்தம் சுமார் 1,500 கட்டுரைகள், 500-க்கும் மேற்பட்ட கூட்டாளிகள்!

எல்லாக் கூட்டும் இனிக்கவில்லை. 1948-ல் பகா எண் தேற்றத்துக்கான புது நிரூபணத்தில் யார் பெயர் என்று செல்பெர்க்குடன் உரசல். கட்டுரைகள் தனித்தனியாகவே வந்தன. 1950-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் செல்பெர்க்குக்குப் போனது.

ஆனால் 1959-ல் ரேனியுடன் எழுதத் தொடங்கிய ரேண்டம் கிராஃப் கட்டுரைகள் கணிதத்தையே தாண்டிப் போயின. நோய்ப் பரவல், சமூக வலைதளம் என நெட்வொர்க்கை ஆராய்பவர்களின் சைட்டேஷன் பட்டியலில் இன்றும் அவை இருக்கின்றன. கூட்டுக் கட்டுரை எல்லாவற்றுக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை, ஏர்டோஷுக்கே வாய்க்கவில்லை.

1996-ல் வார்சா மாநாட்டுக்குப் போன இடத்தில் இறந்தார். அதன் பிறகும் அவர் பெயரோடு கூட்டுக் கட்டுரைகள் வெளிவந்தன.