நீல நிறத்திற் கண்ட பொருள்: டாக்டர் சுப்பாராவ்

கண்டியில் வாழ்வோர் மேடேறாது ஒரு நாளைக் கழித்தல் அரிது. பஹிரவகந்தைச் சரிவில் ஏறுவோனது நெஞ்சம் விரைந்து துடிக்கின்றது. அதன் காரணத்தை வினவும் மாணவனுக்கு உடற்றொழிலியல் ஆசிரியர் கூறும் விடையில் ‘பொசுபேற்று’ என்னுஞ் சொல் வந்தே தீரும். பொசுபரசும் ஒட்சிசனும் கூடியமைந்த அப்பொருள் உயிர்க்கலத்தில் எவ்வுருவிற் சேமிக்கப்படுகின்றது என்று கண்டவருள் ஒருவர், சென்னையிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். விஞ்ஞானம் எனது துறையன்று; யான் தமிழ் கற்பிப்பவன். ஆயினும் இவர் பெயரை நம் மாணவர் அறியாதிருத்தல் தகாதென்று கருதியே எழுதத் துணிந்தேன்.

1895 ஜனவரி 12ஆந் திகதி பீமவரத்தில், வறிய தெலுங்குக் குடும்பத்திற் பிறந்தார். சிறுவயதில், யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாமென எண்ணிக் காசிக்கு ஓடப் புறப்பட்டவரை அன்னையார் மீட்டுவந்தார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் மூன்றாம் முறையே தேறினார். சகோதரர் இருவர், நம்மவர் கிரகணி என வழங்கும் கழிச்சல் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். அந்நோயின் வேரைக் காணவேண்டுமென்னும் வேட்கை அவரை ஆயுள் முழுவதும் விட்டகலவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியிற் காந்தியடிகள் வழிநின்று கதராடை உடுத்து அறுவைச் சாலையுட் புகுந்தார். பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப்பட்டத்துக்கு மாறாகத் தாழ்ந்த பட்டமே பெற்றார். அரசாங்க மருத்துவ சேவையும் கிட்டாமையால் ஆயுள்வேதக் கல்லூரியொன்றில் உடற்கூறு கற்பித்தார். பின்னர்க் கருவுற்ற மனைவியைப் பிரிந்து, 1922 ஒக்டோபரிற் பொஸ்ரன் நகர் சேர்ந்தார். பிறந்த மைந்தன் குழவிப் பருவத்திலேயே இறந்தான். தந்தை அவன் முகத்தைக் கண்டதில்லை, தாய்நாட்டுக்கும் மீளவில்லை.

பொஸ்ரனில் வைத்தியசாலையொன்றில் நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் இரவுப் பணி செய்து வயிறு வளர்த்தார். ஹாவாட் பல்கலைக்கழகத்திற் சைறஸ் பிஸ்க் என்பாரோடு கூடி, 1925இற் பொசுபரசை அளக்கும் முறையொன்றை வகுத்தார். மொலித்தனம் சேர்ந்த நீர்மத்திற் பொசுபேற்று இருப்பின் நீல நிறம் தோன்றும். நிறத்தின் ஆழமே அளவாகும். தசைச் சாற்றை இம்முறையால் அளந்தபொழுது, நீலம் உடனே முழுமையாகத் தோன்றாது சிறிது சிறிதாக ஏறுதலைக் கண்டனர். மற்றொருவராயின் அளவையிற் பிழையென்று வாளாவிருப்பர். இவர்களோ அந்தத் தாமதத்துக்குக் காரணந் தேடினர். எளிதிற் சிதையும் ஏதோவொரு சேர்வையிலிருந்து பொசுபேற்று மெல்ல வெளிப்படுகின்றதென உணர்ந்தனர். அச்சேர்வையே 1927இல் வெளியிடப்பட்ட கிரியேற்றின் பொசுபேற்று. தசை உழைக்கும்போது அது குறையும். ஓய்வில் மீண்டும் நிறையும். 1929இல் அதெனோசீன் முப்பொசுபேற்றையும் பிரித்தெடுத்தனர். ஜேர்மனியிற் காள் லோமன் அதே ஆண்டிற் தனித்துக் கண்டமையால் அவர் பெயரே பெரிதும் வழங்கலாயிற்று.

இப்பொருளின் மற்றொரு தொழில் சுப்பாராவ் மறைந்த பின்னரே தெளிவாயிற்று. நரம்பு, தசை, இதயம் என்பன அருட்டப்படும் கலங்களால் ஆனவை. அக்கலங்களின் மென்சவ்வில் சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகிய அயன்கள் புகவும் போகவும் தனித்தனி வாயில்கள் உள. மேடேறுவோனது குருதியில் அதிரினலின் மிகும். அது இதயக்கலத்தின் புறத்தைத் தொட்டவுடன், அகத்தே ஒரு நொதியம் விழித்து, அதெனோசீன் முப்பொசுபேற்றிலிருந்து ஒரு பொசுபேற்றைக் கழற்றிக் கல்சிய வாயிலிலோ, வாயிலை அடக்கிநிற்கும் சிறு புரதத்திலோ பொருத்தும். வாயில் எளிதிற் திறக்க, கல்சியம் மிகுந்து புகும். நெஞ்சு வலிந்து துடிக்கும். ஏறி இளைப்பாறியபின் வேறொரு நொதியம் அப்பொசுபேற்றை அகற்ற, வாயில் பழைய நிலையடையும். எல்லா வாயிலும் இதனால் அகலத் திறக்குமென எண்ணற்க. மூளையின் சோடிய வாயில்கள் சில, பொசுபேற்றுப் பொருந்தியபின் அடங்குவனவே. தாழ்ப்பாளாவதும் திறவுகோலாவதும் அது பொருந்தும் இடத்தைப் பொறுத்தது. புரதத்திற் பொசுபேற்றை இட்டும் எடுத்தும் அதன் தொழில் ஆளப்படுதலை 1950களிற் கண்ட எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் பிஷர் இருவரும் 1992இல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஹாவாட் சுப்பாராவுக்கு நிலையான பதவி வழங்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்கள், பிஸ்க்கின் அழுக்காற்றால் வெளிவராது கிடந்து, பிறராற் பின்னர் மீளக் காணப்பட்டன என்று அவரோடு பணியாற்றிய ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் தெரிவித்துள்ளார். இது உண்மையாயின், கதராடைக்குச் சினந்தவரினும் உடனிருந்தவரே அவருக்குப் பெருங்கேடு செய்தாரென்பேன். 1940இல் லெடர்லி நிறுவனத்தை அடைந்தபின்னரே அவர் கை ஓங்கிற்று. 1945இல் அவர் குழுவினர் போலிக்கமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். சகோதரரைக் கொன்ற நோய்க்கு அது மருந்தாயிற்று. இன்று நம் மலைநாட்டுத் தோட்டங்களிற் கருவுற்ற தாய்மார்க்கு வழங்கப்படும் மாத்திரையும் அதுவே. யானைக்கால் நோய்க்கு அவர் குழுவினர் 1947இல் அளித்த மருந்து இலங்கையின் கரையோர மாவட்டங்களிற் பல்லாண்டு வழங்கப்பட்டது. 2016இல் இந்நாட்டில் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

1948 ஓகஸ்டில், ஐம்பத்துமூன்றாம் வயதில், நியூயோர்க் மாநிலத்தில் உறங்கியவாறே அவர் இறந்தார். அதெனோசீன் முப்பொசுபேற்றை அளித்தவரின் இதயமே இரவில் நின்றுபோயிற்று. அமெரிக்கக் குடியுரிமை இறுதிவரை அவர் பெறவில்லை. இந்திய அரசு அவர் உருவந் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது 1995இல், அவர் பிறந்து நூறாண்டு கழிந்தபின்னரே.