முதல்வர் நாற்காலியை வேண்டாம் என்றவர்



ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டிச் சென்னைப் பேருந்துகள் விரைவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஏறிப் போனவர்கள் தி.நகரில் புத்தாடையும் வாங்கியிருப்பீர்கள். அந்தத் 'தி' என்ற எழுத்துக்குள் ஒரு பெரியவரின் பெயர் இருக்கிறது. அவர்தான் சர் பிட்டி தியாகராயர்.

இவர் 1852-ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டதாரிகள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. ஆனாலும் அவர் தொழிலையே தேர்ந்தெடுத்தார். சுமார் நூறு கைத்தறிகள் ஓடிய நெசவுக்கூடம் அவருடையது. எப்போதும் வெள்ளை உடை உடுத்தியதால் மக்கள் அவரை 'வெள்ளுடை வேந்தர்' என்று அழைத்தனர்.

தொழிலோடு பொதுப்பணியையும் விடவில்லை. சென்னை மாநகராட்சியில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். படிப்பிலும் அரசு வேலையிலும் பின்தங்கியிருந்த மக்களுக்கும் பங்கு வேண்டும் என்று எண்ணினார். 1916-இல் டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் நடேசனார் ஆகியோருடன் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் 'நீதிக்கட்சி' எனப் பெயர் பெற்றது.

1919-இல் நாயர் மறைந்தார். கட்சிப் பொறுப்பு தியாகராயர் தோளில் விழுந்தது. அடுத்த ஆண்டே, புதிய சட்டப்படி சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. கட்சிக்கு அது முதல் தேர்தல்! அப்போது எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து உள்ளவர்கள், வரி கட்டுபவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்தது.

68 வயதில் தியாகராயர் களம் இறங்கி வென்றார். 98 இடங்களில் அவர் கட்சிக்கு 63 கிடைத்தன. முதல் மந்திரியாகும்படி ஆளுநர் வெலிங்டன் பிரபு அவரை அழைத்தார். இன்றைய தமிழகத்தோடு ஆந்திராவின் பெரும்பகுதியும் மலபாரும் அடங்கிய பெரிய மாகாணம் அது! அவரோ பதவியை ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார்.

பதவி இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறீர்களா? அதே 1920-இல் மாநகராட்சித் தலைவராக அவர் செய்ததைப் பாருங்கள். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் பசியோடு வந்தார்கள். பலர் பாதியில் நின்றார்கள். அவர்களுக்கு மதிய உணவு தர ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் செலவு ஓர் அணாவுக்கு மிகக் கூடாது என்பது கணக்கு. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. பணத் தடையால் 1925-இல் நின்றுபோனது. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார்.

ஆனால் அந்த எண்ணம் மறையவில்லை. 1956-இல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டு சென்றார்.

நாளை பள்ளியில் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, அந்த வெள்ளுடைப் பெரியவரை ஒருமுறை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு பருக்கையையும் வீணாக்காமல் சாப்பிடுங்கள்!