கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு கடல்



கல்வராயன் மலையைப் பார்த்து வளரும் நமக்குக் கடல் தொலைவானது. ஆனால் கடல்நீரைச் சிறு கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, பவளங்களை வீட்டிலேயே வளர்ப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். மின்சாரம் நின்றால் அவர்கள் நெஞ்சு பதறும். நீரைச் சுழற்றும் இயந்திரம் ஓய்ந்தால், தொட்டியின் உயிர்களெல்லாம் சில மணி நேரத்தில் மடிந்துவிடலாம். அத்தகைய இயந்திரம் எதுவும் இல்லாத காலத்தில், கடற்கரை இல்லாத இலண்டன் மாநகரில், பவளங்களை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம்.

அவர்தான் அன்னா தின் சீமாட்டி. 1806-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1824-இல் ஜான் தின் பிரபுவை மணந்தார். கணவர் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குரு. புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் உயர் பொறுப்பு வகித்தவர். அன்னாவோ பல பிள்ளைகளுக்குத் தாய். இத்தனை கடமைகளுக்கு நடுவிலும் இறைவனின் படைப்பை ஆராயும் ஆர்வம் அவரை விட்டு அகலவில்லை.

1846-இல் டார்க்கி என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றபோது, பாறையில் ஒட்டி வாழும் சிறு கற்பவளங்களைக் கண்டார். கல்போல் தோன்றினாலும் அவை உயிருள்ள பிராணிகள் அல்லவா? அவற்றை இலண்டனுக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். வண்டி குலுங்கினால் ஜாடிக்குள் உருண்டு சிதைந்துவிடுமே! ஊசியும் நூலும் எடுத்து, அவற்றைக் கடற்பஞ்சின்மேல் தைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார். நாம் தையல் வகுப்பில் கற்பது எங்கெல்லாம் உதவுகிறது, பாருங்கள்!

உண்மையான சோதனை அதன் பிறகே வந்தது. கடல்நீரைத் தொலைவிலிருந்து வரவழைக்க வேண்டும். வேண்டிய மட்டும் கிடைக்கவில்லை. பழைய நீரிலோ பிராணவாயு குறைந்தால் பவளங்கள் மூச்சுத்திணறி மாண்டுவிடும். அன்னா ஒரு வழி கண்டார். திறந்த சன்னலருகே, ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்திற்கு நீரை மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். ஒவ்வொரு முறையும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம்! கை ஓயும் அந்த வேலையை அவருடைய இளம் பணிப்பெண் ஒருத்தி விளையாட்டாகவே செய்தாள். அவள் பெயர் புகழ் பெறவில்லை. ஆனால் அவள் கைகள் இல்லையேல் அப்பவளங்களும் இல்லை.

நம் மலையின் மேகம் அருவியை நினைத்துப் பாருங்கள். விழும் நீர் நுரைத்துக் காற்றை அள்ளிக்கொள்கிறது. அதையே அவர்கள் அறைக்குள் செய்தார்கள்!

1847-இல் உயிருள்ள கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்தார் அன்னா. அவை வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளியிட்டு நீருக்கு உயிரூட்டின. பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. அவை பெருகிய விதத்தைக் குறித்து வைத்து, 1859-இல் ஓர் அறிவியல் இதழில் கட்டுரையாக வெளியிட்டார். 1866-இல் இறைவனடி சேர்ந்தார்.

இதற்கிடையே 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான நீர்வாழ் உயிர்க் காட்சிசாலை திறக்கப்பட்டது. 1909-இல் நம் சென்னைக் கடற்கரையிலும் ஒன்று தோன்றியது. இரண்டாம் உலகப்போர் அதை மூடச் செய்துவிட்டது.

ஆனால் அன்னாவைப் போல இன்று நாம் கடலிலிருந்து பவளம் எடுக்கலாகாது. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. அவற்றைக் கடலிலேயே வாழவிடுவதுதான் நம் கடமை.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றது. தொட்டியில் ஐந்து தங்கமீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. அன்னாவின் கதை நினைவுக்கு வரவே, நானும் அம்மாவும் சொம்பால் நீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். கை வலித்தது. விடியும்போது ஐந்தும் நீந்திக்கொண்டிருந்தன.

தோழியரே, நம்மை நம்பி வாழும் உயிரைக் காக்கப் பெரிய கருவிகள் எப்போதும் வேண்டியதில்லை. சலிக்காத இரு கைகள் போதும்!

— பத்தாம் வகுப்பு மாணவி