அயல்நாட்டு வகுப்பறையில் ஒரு தமிழர்: அறிஞர் சந்திரசேகர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விளையும் இந்நிலத்தில் மழை பொய்த்த காலங்களில் மக்கள் கடல் கடந்து பிழைக்கச் சென்றது பழைய செய்தி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டோர் மண்டபம் முகாமில் தங்கி, மருத்துவச் சோதனை முடிந்த பின்னரே கப்பலேறினர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றோர் உளர். பிற்காலத்தில் வளைகுடா நாடுகள் நம்மவரை அழைத்தன. ஆதலின் அயல்நாட்டில் பணிபுரிய அனுமதி வேண்டும் என்பதை நம் வட்டாரத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், உடலுழைப்பை நல்கச் செல்வோருக்கு மட்டுமன்றி, அறிவை நல்கச் செல்வோருக்கும் அவ்வாயில் எளிதில் திறப்பதில்லை என்பதை நாம் நினைந்து பார்ப்பதில்லை. அதனை உணர்த்தும் வாழ்வு, 1983ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்வாகும்.

இளமையும் கல்வியும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அலுவலர். தாயார் சீதாலட்சுமி, நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் பெயர்த்த கல்வியுடையார். அறிவியல் மேதை சர் சி.வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா முறையினர். இளமையில் வீட்டிலேயே பயின்ற சந்திரசேகர், பின்னர்த் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்றார்.

1930இல் அரசு உதவித்தொகை பெற்று அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது தாயார் கடும் நோயுற்றிருந்தார். மகனைத் தடுத்து நிறுத்தாமல் சென்றுவருமாறு ஊக்கியவர் அவரே. அடுத்த ஆண்டில் அவ்வம்மையார் மறைந்தார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.

கப்பற்பயணத்தின்போதே, எரிபொருள் தீர்ந்து ஒடுங்கும் விண்மீன் எத்துணை நிறைவரை வெண்குறுமீனாக நிலைத்திருக்கக் கூடும் என அவர் கணக்கிட்டார். அவ்வெல்லை ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. இன்று உலகம் இதனைச் சந்திரசேகர் எல்லை என்றே வழங்குகிறது. 1933இல் முனைவர் பட்டமும் டிரினிடி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் தகுதியும் பெற்றார். ஆயின் 1935 சனவரியில், இலண்டன் வானியற் கழகக் கூட்டத்தில், அக்காலத்துப் பெரும்புகழ் வானியலறிஞர் எடிங்டன் இக்கொள்கையை வெளிப்படையாக எள்ளி மறுத்தார். இங்கிலாந்தில் நிலையான பணி கிடைக்கும் என்னும் நம்பிக்கை தளர்ந்தது. அந்நிலையில் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வானாய்வு நிலையம் அவரை அழைத்தது.

சட்டம் என்னும் வாயில்

பிரிட்டிஷ் இந்தியக் குடிமகன் என்னும் உரிமை இங்கிலாந்தின் வாயிலை அவருக்குத் திறந்திருந்தது. அவ்வுரிமை அமெரிக்காவில் செல்லாது. அந்நாட்டின் 1917ஆம் ஆண்டுக் குடிபுகல் சட்டம், இந்தியா உள்ளிட்ட ஆசிய நிலப்பரப்பைத் தடைசெய்யப்பட்ட பகுதியாக வகுத்தது. 1923இல் பகத்சிங் திண்டு என்பாரின் வழக்கில், இந்தியர் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியுடையர் அல்லர் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றோர் குடிபுகவும் கூடாது என்று 1924ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் இறுக்கிற்று.

எனினும் அச்சட்டங்களில் ஒரு சிறு சாளரம் இருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர், மாணவர், மருத்துவர், சமய ஊழியர், வணிகர் முதலியோரைத் தடையினின்றும் விலக்கிற்று. 1924ஆம் ஆண்டுச் சட்டமும், ஈராண்டுக் காலமேனும் தொடர்ந்து அப்பணியில் இருந்த கல்லூரிப் பேராசிரியருக்கு, மனைவி மக்களுடன் நுழைய இடமளித்தது. தோட்டத் தொழிலாளிக்கு மூடப்பட்ட வாயில் ஆசிரியருக்குச் சற்றே திறந்திருந்தது என்பதை நம் மாணவர் கருதிப் பார்த்தல் வேண்டும். இத்தகைய சட்டங்கள் நடப்பிலிருந்த காலத்திலேதான், 1936இல் லலிதா அம்மையாரை மணந்த சந்திரசேகர், 1937ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அம்மையாருடன் யெர்க்ஸ் சென்று பணியேற்றார்.

வகுப்பறை என்னும் வாயில்

நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டால் இடர் தீர்ந்தது என எண்ணுகிறோம். சந்திரசேகரின் வாழ்வு அவ்வாறு கூறவில்லை. யெர்க்ஸ் நிலையம் சிற்றூரில் இருந்தது. பல்கலைக்கழக வளாகமோ சிக்காகோ நகரில். 1938இல் அவ்வளாகத்தில் நடத்தவிருந்த வானியல் வகுப்பில் அவரும் பாடஞ் சொல்ல ஏற்பாடாயிற்று. அறிவியற் புலத் தலைவர் கேல் அதனை ஏற்க மறுத்தார். தடையாக நின்றது அவருடைய கல்வியன்று, தோலின் நிறம். நிலைய இயக்குநர் ஸ்துரூவே இதனைப் பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸிடம் கொண்டு சென்றார். ஹட்சின்ஸ் தயங்காது, சந்திரசேகர் பாடஞ் சொல்லியே ஆகவேண்டும் என ஆணையிட்டார். அரசு தந்த அனுமதிச் சீட்டு அவரை நாட்டெல்லை கடத்திற்று. வகுப்பறைக்குள் கொண்டு சேர்த்தது நேர்மையுடைய மனிதர் இருவரின் துணிவேயாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது 1943 முதல் மேரிலாந்து மாநிலத்து அபர்டீன் படைக்கல ஆய்வுக்கூடத்திலும் அவர் பணியாற்றினார். அணுகுண்டு ஆய்வுக்கும் அழைப்பு வந்தது. பாதுகாப்பு அனுமதி காலம் தாழ்ந்தமையால் அங்கே செல்ல நேரவில்லை. 1944இல் அவர் முழுப் பேராசிரியரானார். அதே ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். உலகின் தலைசிறந்த அறிஞருள் ஒருவராக மதிக்கப்பெற்ற அந்நாளிலும், தாம் பாடஞ் சொல்லும் நாட்டில் குடியுரிமை கேட்கும் தகுதி சட்டப்படி அவருக்கு இல்லை!

திறந்தவர் யார்?

அவ்வாயிலைத் திறந்தது ஒருவரின் புகழன்று. பலரின் பொறுமையான முயற்சியே. அமெரிக்க வாழ் இந்தியருள் முபாரக் அலிகான், ஜே.ஜே. சிங் ஆகியோர் தத்தம் அமைப்புகளின் வாயிலாக ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்ற உறுப்பினரைக் கண்டு வாதாடினர். கிளேர் பூத் லூஸ் அம்மையாரும் இமானுவேல் செல்லரும் கொணர்ந்த சட்டத்தில், 1946 சூலை 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஒப்பமிட்டார். ஆண்டுக்கு 100 இந்தியர் குடிபுகலாம்; குடியுரிமையும் பெறலாம். எண்ணிக்கை சிறிதே, எனினும் பூட்டு உடைந்தது. ஒரு முஸ்லிமும் ஒரு சீக்கியரும் முயன்று பெற்ற உரிமை ஓர் இந்துவாகப் பிறந்த தமிழருக்கும் பயன்பட்டது என்பது நம் சமுதாயப் பெரியோர் போற்றத்தக்க செய்தியாகும்.

1953இல் சந்திரசேகரும் லலிதா அம்மையாரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றனர். விடுதலை பெற்ற தாயகத்தை மகன் துறந்ததாகக் கருதிய தந்தையார் மனம் நொந்தார். அயல்நாட்டுப் பணி ஆசிரியருக்குத் தரும் மதிப்புக்கு ஈடாக, இல்லத்தார் செலுத்தும் விலையும் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. ஆயினும் தாயகம் அவரை மறக்கவில்லை. 1968இல் பத்மவிபூஷண் விருதளித்துப் போற்றிற்று.

ஆசிரியராக அவர் ஆற்றிய பணிக்கு ஒரு சான்று போதும். போருக்குப் பின்னர், யெர்க்ஸிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைத் தாமே கார் ஓட்டிக் கடந்து சிக்காகோவில் வகுப்பு நடத்துவார். அங்கே அவரிடம் பயின்ற லீ, யாங் என்னும் சீன இளைஞர் இருவரும் 1957இல் நோபல் பரிசு பெற்றனர். அயலவர் என்று தடுக்கப்பெற்ற ஆசிரியர், கடல் கடந்து வந்த மாணவருக்கு அறிவூட்டிய சிறப்பினை என்னென்பது! 1995 ஆகஸ்டு 21ஆம் நாள் அவர் சிக்காகோவில் காலமானார். 1999இல் விண்ணில் ஏவப்பெற்ற எக்ஸ் கதிர் வானாய்வகம் சந்திரா என அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி என்னும் பணி விசாவை வகுத்தது. அதற்கான மனுவை அளிக்க வேண்டியது பல்கலைக்கழகமே. ஆசிரியர் தாமே அளித்தல் இயலாது. ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களுக்கு உச்ச எண்ணிக்கை உண்டெனினும், பல்கலைக்கழகப் பணிக்கு அவ்வரம்பு பொருந்தாது. ஆதலின் முகவர் எவரும் பணங்கேட்டுப் பல்கலைக்கழகப் பணி வாங்கித் தருவதாகக் கூறின், மாணவர் விழிப்போடு இருத்தல் வேண்டும். அழைப்பைக் கொணர்வது அவரவர் ஆய்வே. பட்டச் சான்றிதழ்களை உரியவாறு சான்றொப்பம் செய்து வைத்தல், சட்டத்தைத் தாமே படித்தறிதல் ஆகியவை அதற்குத் துணைபுரியும்.

பெரியோருக்கும் ஒரு கடமையுண்டு. ஹட்சின்ஸ் போன்று அயலவர் பக்கம் நிற்பதும், முபாரக் அலிகான் போன்று பிறர் உரிமைக்கு உழைப்பதும் நம்மால் இயலாதனவல்ல. நம் கல்லூரிக்கு வேற்றூரிலிருந்தும் வேற்று மொழியிலிருந்தும் வரும் ஆசிரியரை நாம் எவ்வாறு ஏற்கிறோம் என்பதிலிருந்தே அதனைத் தொடங்கலாம். கல்வியைத் தேடித் தொலைதூரம் செல்வதைச் சிறப்பெனப் போற்றும் சமுதாயம், கல்வியைக் கொண்டு வருவோருக்கு வாயிலைத் திறந்து வைப்பதையும் சிறப்பெனக் கொள்ளல் வேண்டும். வல்ல இறைவன் அத்தகைய உள்ளத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக!