ஷஹீத் திப்பு சுல்தானும் ஒரு வெள்ளிப் பதக்கமும்

மைசூர் வேங்கை திப்பு சுல்தான் அவர்களின் வீரத்தை நம் சமூகத்தார் நன்கறிவர். அவர் வீழ்ந்ததைக் கொண்டாட ஆங்கிலேயர் அடித்த பதக்கத்தைப் பற்றி அறிந்தவர் சிலரே. வெள்ளியின் மாற்றும் எடையும் அறிந்த வர்த்தகர்களாகிய நாம் அதைச் சற்று உற்றுப் பார்ப்பது தகும்.

1750-ம் ஆண்டு தேவனஹள்ளியில் பிறந்தவர் திப்பு. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரையே பெற்றோர் அவருக்கு இட்டனர். 1780-ல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. 1782-ல் தந்தை ஹைதர் அலீ வபாத்தாகவே, ஆட்சிக்கு வந்தார்.

வியாபாரத்திலும் அவருக்கு மிகுந்த நாட்டமுண்டு. மஸ்கத்தில் பண்டகசாலை வைத்துச் சந்தனம், மிளகு, ஏலம் அனுப்பினார். மைசூரில் பட்டுப்பூச்சி வளர்ப்பைப் பரப்பினார். தாம் அடித்த வெள்ளி இரட்டை ரூபாய்க்கு ஹைதரி என்றும் ஒற்றை ரூபாய்க்கு இமாமி என்றும் பெயரிட்டார். ஆனால் மிளகும் சந்தனமும் சர்க்காரின் ஏகபோகமாயின. தனி வியாபாரிகளுக்கு அது இனித்திராது. மலபாரிலும் குடகிலும் அவர் காட்டிய கடுமையையும் நாம் மறைப்பதற்கில்லை.

1792-ல் தோல்வி வந்தது. பாதி ராஜ்யமும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிணையாக இரு சிறு புதல்வர்களைச் சென்னைக்குக் கொண்டு போனார்கள். ஒப்புக்கொண்ட தொகையைச் செலுத்தி 1794-ல் பிள்ளைகளை மீட்டார் சுல்தான்.

1799 மே 4-ந் தேதி நண்பகலுக்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் எதிரிகள் புகுந்தனர். சுல்தான் வாயிலருகே போரிட்டு ஷஹீதானார். அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில், குவிந்து கிடந்த உடல்களுக்கிடையே அவரைக் கண்டெடுத்தார்கள். மறுநாள் எதிரிகளே இராணுவ மரியாதை செய்ய, பெற்றோரின் பக்கத்தில் நல்லடக்கம் நடந்தது.

பதக்கம் பர்மிங்ஹாமில், போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் தயாராயிற்று. தளபதிகளுக்குப் பொன், அவர்களுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுக்கு வெள்ளி, சாதாரண சிப்பாய்க்கு வெள்ளீயம். ஒரு முகத்தில் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. சிங்கம் ஆங்கிலேயர், புலி திப்பு. ஆனால் மேலே பறக்கும் கொடியில், அல்லாஹ்வின் சிங்கமே வெல்வது என்ற பொருளுடைய அரபு வாசகம் இருக்கிறது. ஹஸரத் அலீ (ரலி) அவர்களைக் குறிக்கும் அவ்வாசகம், சுல்தான் புலிமுக வடிவில் எழுதுவித்துத் தம் ஆயுதங்களில் பொறித்து வைத்திருந்ததே! எள்ளி நகையாடவே அதை எடுத்தாண்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. அரபு படிக்கத் தெரிந்தவருக்கோ, அந்தப் பதக்கத்தில் முதலில் தெரிவது திப்புவின் முத்திரைதான்.

1808-ல்தான் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1806 ஜூலை 10-ந் தேதி, வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் சுல்தானின் புலிக்கொடியை ஏற்றிவிட்டார்கள். ஒரு பகல்கூட அது நிலைக்கவில்லை. அங்கே காவலில் இருந்த சுல்தானின் மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் குலாம் முஹம்மது என்பவர் 1842-ல் அந்நகரின் நடுவே கட்டிய பள்ளிவாசல், திப்பு சுல்தான் மஸ்ஜித் என்றே வழங்குகிறது.